கண் உறுத்தலுக்கு எது நல்லது: மஞ்சளா, கிரீன் டீயா, விளக்கெண்ணெயா?

கண் வறண்டு உறுத்தினால் வீட்டில் பெரியவர்கள் சொல்வது விளக்கெண்ணெய். சிவந்துவிட்டால் மஞ்சள் நீரில் நனைத்த துணி. இப்போது இந்த வரிசையில் கிரீன் டீயும் சேர்ந்துவிட்டது. அழற்சியைத் தணிக்கும் குணம் மூன்றுக்கும் உண்டு. ஆனால் ஆய்வகத் தட்டில் வேலை செய்வதெல்லாம் இமைக்குள்ளும் வேலை செய்துவிடாது.

கண்ணீர் சீக்கிரம் ஆவியானால் மிஞ்சும் நீரில் உப்பு ஏறும். அந்த உப்பு கருவிழியின் மேற்புறச் செல்களை உசுப்பி அழற்சியைக் கிளப்பும். அழற்சி வந்ததும் கண்ணீர் இன்னும் கெடும். இந்தச் சுழலை எந்த மூலிகை எங்கே தடுக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

மஞ்சளுக்குப் பேர் பெரிது. அதிலுள்ள குர்குமின், உப்பு மிகுந்த சூழலில் வளர்த்த கருவிழிச் செல்களில் அழற்சியைக் குறைத்தது உண்மை. ஆனால் அது தண்ணீரில் சரியாகக் கரையாது. கண்ணீரின் காரத்தன்மையை ஒட்டிய கரைசலில், உடல் வெப்பத்தில் வைத்தபோது அரை மணி நேரத்துக்குள் சுமார் 90% சிதைந்துவிட்டது. மஞ்சள் நீரைக் கண்ணில் விட்டால் மருந்தைவிடத் தூளும் கறையும்தான் உள்ளே போகும்.

கிரீன் டீயின் ஈஜிசிஜி என்ற பொருள் நீரில் கரையும் என்பதால் ஒரு படி மேல். கிரீன் டீ சாறு சேர்த்த சொட்டு மருந்தை, இமை எண்ணெய்ச் சுரப்பிக் கோளாறால் கண் வறண்டவர்களிடம் சிறிய அளவில் சோதித்து நல்ல பலனும் கண்டிருக்கிறார்கள். ஆனால் காற்றுப் பட்டால் அதுவும் கெடும். போட்டு வைத்த டீ நேரம் ஆக ஆகக் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆறிய டீ பையை மூடிய இமைமேல் வைப்பதில் கிடைக்கும் இதம் பெரும்பாலும் குளிர்ச்சியால் வருவது.

என் கணக்கில் முதலிடம் விளக்கெண்ணெய்க்கே. அது சுழலைத் தொடக்கத்திலேயே, கண்ணீர் ஆவியாகும் இடத்திலேயே தடுக்கிறது. இமைச் சுரப்பிகள் தர வேண்டிய எண்ணெய்ப் படலத்துக்கு அது துணை நிற்கும். 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2% விளக்கெண்ணெயை நீரில் நுண்துளிகளாகக் கலந்து சொட்டாகக் கொடுத்தபோது, கண்ணீர்ப் படலம் கூடுதல் நேரம் நிலைத்தது. கண் வறட்சிக்காக அதே ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற, அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் கண் சொட்டிலும் மருந்தைச் சுமப்பது விளக்கெண்ணெய்தான்.

இந்த முதலிடம் கிருமி நீக்கிய சொட்டுக்கு மட்டும். செக்கு எண்ணெய்க்கோ கடை பாட்டிலுக்கோ இல்லை. நந்தியாவட்டைப் பூவை ஊறவைத்த நீரை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அது பால் வடியும் செடி, பூவோடு பூஞ்சை வித்துகளும் வரும். 1990களில் மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததாக ஆய்வு சொன்னது. தென்னிந்தியாவில் இத்தகைய புண்களில் பெரும் பங்கு பூஞ்சையால் வருவது. ஆலையில் தயாரானதிலும் தவறு நேரலாம்: சென்னை அருகே தயாரான செயற்கைக் கண்ணீர்ச் சொட்டால் 2022-23இல் அமெரிக்காவில் பலருக்குக் கடும் தொற்று பரவி, சிலர் பார்வையை இழந்தார்கள். அடுக்களையில் கலக்கும் சாற்றுக்கு அந்த அளவு சோதனைகூடக் கிடையாது.

வறட்சி மட்டும் என்றால், விளக்கெண்ணெய் கலந்த செயற்கைக் கண்ணீர் உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலி கூடினாலோ, வெளிச்சம் கூசினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ எந்த மூலிகையும் வேண்டாம். அன்றே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.