மதுரையில் டிடி ஃப்ரீ டிஷ்: சிக்னலில் குறையில்லை, எல்என்பி திருப்பத்தில்தான் வம்பு

டிடி ஃப்ரீ டிஷ் என்பது பிரசார் பாரதி நடத்தும் இலவசச் செயற்கைக்கோள் டிவி சேவை. டிஷ், எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டியிருக்கும், சிக்னலைப் பிடிக்கும் சிறு கருவி), பாக்ஸ், கேபிள், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்துச் சுமார் 2,000 ரூபாய். அதற்குப் பிறகு மாதச் சந்தா கிடையாது. ஆனால் தமிழ்த் தொடர்களுக்காக வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். பழைய பொதிகையான டிடி தமிழ் வரும். தனியார் சேனல்களுக்கு இடம் மின் ஏலத்தில் போவதால் இந்திதான் அதிகம். கட்டணச் சேனல்கள் வராது. செய்தி, வானொலி, பாடச் சேனல்கள் போதும் என்பவர்களுக்கு இது கொடுத்த காசுக்கு மேலேயே தரும்.

சிக்னல் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் போனது.

நிற்கும் இடம் 93.5 டிகிரி கிழக்கு. மதுரையிலிருந்து பார்த்தால் திசை சுமார் 122 டிகிரி, அதாவது அக்னி மூலையிலிருந்து 13 டிகிரி கிழக்கே தள்ளி. உயரக் கோணம் ஏறக்குறைய 68.6 டிகிரி. இவ்வளவு உயரம் நமக்கு வரம். பத்து மீட்டர் தென்னை கூட நாலு மீட்டருக்குள் நின்றால்தான் மறைக்கும். நாகமலை, அழகர்மலை அடிவாரத்து ஊர்களிலும் மலையால் தொல்லை இல்லை.

அதே உயரம்தான் மாட்டும்போது பாடாய்ப் படுத்தும். ஆஃப்செட் கோணம் (டிஷ்ஷின் முகம் பார்க்கும் திசைக்கும் சிக்னல் வரும் திசைக்கும் உள்ள வேறுபாடு) 24 டிகிரி உள்ள 60 செ.மீ. டிஷ் என்றால், முகம் செங்குத்திலிருந்து 44, 45 டிகிரி பின்னால் சாய வேண்டும். சில மலிவு பிராக்கெட்டுகள் அவ்வளவு சாயாது. வாங்கும் முன் கடையிலேயே சாய்த்துப் பாருங்கள். பைப்பை ரசமட்டமோ தூக்குக்குண்டோ வைத்து நேராக நிறுத்தாவிட்டால் பிராக்கெட்டில் போட்டிருக்கும் டிகிரி அளவு பொய் சொல்லும். இந்த உயரத்தில் திசை 3 டிகிரி பிசகினாலும் உண்மையான பிழை 1 டிகிரிதான். சாய்வு பிசகினால் முழுப் பிழையும் அப்படியே விழும். ஆகவே முதலில் சாய்வைச் சரியாக வைத்து இறுக்கிவிட்டு, பிறகு டிஷ்ஷை மெதுவாக இடமும் வலமும் திருப்பித் தேடுங்கள்.

மதுரையில் அதிகம் தவறுவது எல்என்பி திருப்பம், அதாவது எல்என்பியை அதன் பிடியிலேயே சுழற்றி வைக்கும் கோணம். டெல்லியில் கணக்குப்படி 27 டிகிரி திருப்பினால் போதும். பூமத்திய ரேகைக்கு அருகே இருக்கும் நமக்கு அது 56 டிகிரியைத் தாண்டும். எல்என்பியை நேராகவே விட்டால், நமக்கு வேண்டிய செங்குத்து (வெர்டிகல்) அலைகளை விடக் கிடை அலைகளே தூக்கலாக உள்ளே வரும். அங்கே எழுதிய கையேட்டை இங்கே பின்பற்றினாலும் கிடை அலைகள் கலந்து கெடுக்கும். பாக்ஸின் சிக்னல் திரையில் ஸ்ட்ரெங்த் (வரும் சிக்னலின் அளவு) நன்றாகக் காட்டும், குவாலிட்டி (அதன் தெளிவு) எழும்பாது. மாட்ட வந்த ஆள் பாக்ஸ் பழுது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எல்என்பியைத் திருப்பிக்கொண்டே போங்கள். தேடுவதற்குப் பாக்ஸில் போட வேண்டியவை: அதிர்வெண் 11090, வெர்டிகல், சிம்பல் ரேட் 29500, எல்என்பி 9750/10600. குவாலிட்டி உச்சத்தில் நிறுத்துங்கள், ஸ்ட்ரெங்த்தைப் பார்க்காதீர்கள்.

மழைக்குத் தாங்குமா? ஐப்பசித் தூறலுக்குத் தாங்கும். சித்திரை, வைகாசி மாலைகளில் இடியோடு கொட்டும்போது சில நிமிடம் படம் உறையும். இந்தச் சிக்னல் வரும் கேயு பேண்ட் என்ற உயர் அதிர்வெண் அலைகளின் குணம் அது. தூறலுக்கே படம் போனால் டிஷ் பிசகியிருக்கிறது என்று பொருள். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரிதான். விளிம்பு 1 செ.மீ. நகர்ந்தாலே 2 டிகிரி போய்விடும். குரங்கு உட்காரும் பகுதிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் படம் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நேரம் அது, பழுது இல்லை. புது வீட்டில் இடம் தேடுபவர்களுக்கு அதுவே இலவச அளவுகோல்: அந்த நேரத்தில் எங்கே நிழல் விழவில்லையோ அங்கே டிஷ் வைக்கலாம்.

மற்றபடி கெடுவது கனெக்டர்தான். கேபிள் முனையில் திருகி மாட்டும் எஃப் கனெக்டரில் தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சை பிடிக்கும். அதன்மேல் ரப்பர் பூட் (உறை) போடுங்கள், கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றுங்கள். நீர் அங்கேயே சொட்டிவிடும். ஆர்ஜி-6 கேபிளில் நடுக்கம்பி முழுச் செம்பாக இருக்கட்டும்.

ஜிசாட்-15-இன் ஆயுட்காலக் கணக்கு 12 ஆண்டு, அதாவது 2027 வாக்கில் முடிகிறது. முன்பு இதே இடத்தில் இருந்த இன்சாட்-4பி-யிலிருந்து சேவை மாறியபோது டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை; அடுத்த செயற்கைக்கோளும் இதே இடத்துக்கு வந்தால் அப்போதும் அப்படித்தான். பாக்ஸ் மட்டும் யோசித்து வாங்குங்கள்: எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை; பழைய எம்பெக்-2 பாக்ஸில் சில சேனல்கள் வராது, எம்பெக்-4 கேளுங்கள்.