நெல்லின் குலைநோய்க்கு எதிராக மூன்று வழிகள்: ஒற்றை மரபணுவா, அடுக்கா, கலப்பு நடவா?

தாளடி நெல் கதிர் வாங்கும் நேரம். ராத்திரியில் குளிர், விடியும்போது இலை நனையப் பனி, போதாக்குறைக்கு யூரியாவும் ஒரு கை கூடுதலாக விழுந்திருந்தால் குலைநோய் என்ற பூஞ்சை நோய்க்கு அந்த வயலே போதும். இலையில் கண் வடிவத்தில் புள்ளி வரும். நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. அதோடு நின்றுவிட்டால்கூடப் பயிர் தேறிவிடும். கதிரின் கழுத்தில் பிடித்தால்தான் ஆபத்து. கழுத்து கறுத்து ஒடிந்து கதிர் தொங்கும், பால் பிடிக்க வேண்டிய மணியெல்லாம் பதராகிவிடும்.

டிரைசைக்ளசோல் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவை ஒவ்வொரு பருவமும் செலவு. பயிரின் பரம்பரைக் குணத்திலேயே எதிர்ப்பை வைத்துவிட்டால் அந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம். அதை எப்படி வைப்பது என்பதில் மூன்று வழிகளை உலகம் பரிசோதித்திருக்கிறது: வலுவான ஒரே மரபணுவைச் சேர்ப்பது, பல மரபணுக்களை ஒரே ரகத்தில் அடுக்குவது, மரபணு வேறுபட்ட பயிர்களை ஒரே வயலில் கலந்து நடுவது.

ஒற்றை மரபணுவில் தொடங்குவோம். இதன் அடிப்படை விதியை 1940களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளிவிதைப் பயிரின் துருநோயை ஆராய்ந்த ஹெரால்ட் ஃப்ளோர் கண்டறிந்தார். பயிரின் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் நேராக, நோய்க்கிருமியில் ஒரு மரபணு இருக்கிறது. நெல்லிலும் இதே கதைதான். குலைநோய்ப் பூஞ்சை இலைக்குள் நுழையும்போது சில புரதங்களை உள்ளே அனுப்பும். அதில் ஒன்றை நெல்லின் எதிர்ப்பு மரபணு அடையாளம் கண்டுகொண்டால், தாக்கப்பட்ட செல்கள் தாமாகவே செத்து, பூஞ்சையை அந்த இடத்திலேயே முடக்கிவிடும். வெளியே பார்த்தால் குண்டூசி முனை அளவில் ஒரு பழுப்புப் புள்ளி, அவ்வளவுதான். ரகம் உருவாக்குபவருக்கு இது மிகவும் வசதி. எதிர்ப்பு இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், ஒரே மரபணு என்பதால் கலப்பினத்தில் கடத்துவதும் சுலபம்.

சிக்கல் பூஞ்சையின் பக்கம் இருக்கிறது. அது அந்த ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டாலோ தொலைத்துவிட்டாலோ போதும், எதிர்ப்பு செல்லாமல் போய்விடும். பிஐ-டா என்ற எதிர்ப்பு மரபணு அடையாளம் காணும் பூஞ்சை மரபணு, குரோமோசோமின் நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நுனிப் பகுதிகள் எளிதில் உடைந்து தொலையக்கூடியவை. ஒரு புள்ளியிலிருந்து ஒரே இரவில் ஆயிரக்கணக்கான வித்துகள் (பூஞ்சையைப் பரப்பும் நுண்துகள்கள்) கிளம்பும்போது, அவற்றில் எங்கோ ஒன்று அதைத் தொலைத்திருக்கும். அந்த ஒன்றுக்கு ஊர் முழுவதும் ஒரே ரகம் விரித்து வைத்திருந்தால் தடையே இல்லை. தென் கொரியாவில் நடந்தது இதுதான். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு உருவான டோங்கில் ரகம் 1970களின் தொடக்கத்தில் வந்தது. நல்ல மகசூல், குலைநோயும் தொடவில்லை. நாடு 1977இல் அரிசியில் தன்னிறைவு கண்டது. அடுத்த ஆண்டே, 1978இல், டோங்கில் வகை ரகங்களில் குலைநோய் கொள்ளைநோயாகப் பரவியது.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கோயம்புத்தூரில் உருவான கோ 39 ரகத்தை உலகமெங்கும் குலைநோய் ஆய்வுகளில் வளர்க்கிறார்கள், அவ்வளவு எளிதில் நோய் தொற்றும் என்பதற்காக. அதிலும் ஓர் எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்பதுதான் விஷயம். அது அடையாளம் காணும் பூஞ்சை மரபணுவுக்கு ஏவிஆர்1-கோ39 என்றே பெயர். ஆனால் நெல்லைத் தாக்கும் பூஞ்சை வகைகளில் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு இல்லை. எதிரில் ஆள் இல்லாததால் கோ 39இன் எதிர்ப்பு சும்மா கிடக்கிறது. ஒற்றை மரபணுவை நம்பி ரகம் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன் என்பதற்கு இந்த ஒரு நெல்லே போதும்.

அடுத்தது அடுக்கு. இரண்டு, மூன்று மரபணுக்கள் ஒரே செடியில் இருந்தால் பூஞ்சை ஒரே நேரத்தில் அத்தனை புரதங்களையும் மாற்றியாக வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஒரு மாற்றம் பத்து லட்சத்தில் ஒரு வித்துக்கு நடக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து நடப்பது லட்சம் கோடியில் ஒரு வித்துக்குத்தான். முன்பு இதைச் செய்ய முடியாததற்குக் காரணம், ஒரு மரபணு இருந்தாலும் இரண்டு இருந்தாலும் செடி பார்க்க ஒரே மாதிரி ஆரோக்கியமாக இருக்கும்; எது இருக்கிறது என்று கண்ணால் பிரிக்க வழியில்லை. எந்த மரபணு இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் டிஎன்ஏ குறிப்பான்கள் வந்தபின் நாற்றின் ஒரு துண்டு இலையை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்தியாவில் இதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. பாக்டீரியா இலைக்கருகலுக்கு எதிராக எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 என்ற மூன்று மரபணுக்களையும் சம்பா மசூரியில் சேர்த்து, 2008இல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை ஐதராபாத் ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்டன. சோற்றின் குணம் மாறவில்லை. 2021இல் தில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பூசா பாஸ்மதி 1847இல் இலைக்கருகலுக்கு இரண்டு, குலைநோய்க்கு பிஐ2, பிஐ54 என இரண்டு. இதில் பிஐ54 வியட்நாமின் டெடெப் என்ற நெல்லிலிருந்து வந்தது. யாரோ ஒரு காலத்தில் அந்த நெல்லைக் கைவிடாமல் விதைத்து வந்ததால்தான் இன்று பாஸ்மதி தப்பிக்கிறது. பாரம்பரிய ரகங்களைக் காப்பது பழமைப் பற்று என்று பேசுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அடுக்கிலும் ஒரு பலவீனம் உண்டு, பலரும் இதைச் சொல்வதில்லை. பிஐ2 மட்டும் உள்ள ரகம் ஒரு வயலிலும், பிஐ54 மட்டும் உள்ளது பக்கத்து வயலிலும் இருந்தால், பூஞ்சை முதலில் ஒன்றைக் கடக்கும், பிறகு மற்றதைக் கடக்கும். இரண்டும் சேர்ந்த ரகம் வரும்போது அதற்கு ஏற்கெனவே பழக்கம் ஆகியிருக்கும். மேலே போட்ட கணக்கு அங்கே அடிபட்டுப் போகிறது. அடுக்கில் இருக்கும் மரபணுவைத் தனியாக வெளியே விடக்கூடாது என்ற கட்டுப்பாடு வேண்டும். ரகம் வெளியிடும் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் தவிர அது நடக்காது.

பூஞ்சையின் ஒரு புரதத்தை அடையாளம் காண்பதை நம்பாமல், நோயின் வேகத்தை மட்டும் குறைக்கும் மரபணுக்களும் உண்டு. ஜப்பானிய மேட்டுநில நெல்லில் உள்ள பிஐ21 அப்படிப்பட்டது. நீண்ட காலம் தாக்குப் பிடித்தது. ஆனால் அதைக் கலப்பினத்தில் கொண்டுவந்த போதெல்லாம் சோறு சுவையில்லாமல் போனது. காரணத்தை 2009இல் கண்டார்கள்: சுவையைக் கெடுக்கும் மரபணு அதற்கு மிக அருகில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் பிரித்து எடுத்தபின்தான் அது பயன்பாட்டுக்கு வந்தது.

இனி மூன்றாவது வழி. எனக்கு இதில்தான் ஈடுபாடு அதிகம். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஜு யூயோங் குழுவினர் 1998இலும் 1999இலும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் இதைச் செய்துகாட்டினார்கள். அங்கே ஒட்டரிசிக்கு (வெந்தால் ஒட்டிக்கொள்ளும் அரிசி) நல்ல விலை உண்டு, ஆனால் குலைநோய் பிடித்து அழிக்கும். கலப்பின நெல் நாலைந்து வரிசைக்கு நடுவே ஒட்டரிசி ஒரு வரிசை நட்டார்கள். தனியாக நட்டபோது ஒட்டரிசியின் கதிர்களில் சராசரியாக 20 சதவீதமாக இருந்த நோயின் தீவிரம், கலந்து நட்டபோது 1 சதவீதமானது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பூஞ்சைக்கொல்லி அடிப்பதையே விட்டுவிட்டார்கள். புதிய மரபணு எதையும் சேர்க்கவில்லை. ஒட்டரிசியிலிருந்து கிளம்பும் வித்துகளில் பெரும்பகுதி கலப்பின நெல்லின் மேல் விழுந்து வீணாயிற்று. போதாததற்கு ஒட்டரிசி உயரம், சுற்றியிருந்தது குட்டை, அதனால் காற்றும் வெயிலும் பட்டுப் பனி சீக்கிரம் காய்ந்தது.

இதை அப்படியே தஞ்சைக்குக் கொண்டுவர முடியுமா? யுன்னானில் கையால் அறுத்தார்கள், வரிசையைத் தனியாகப் பிரிக்க முடிந்தது. டெல்டாவில் அறுவடை இயந்திரம் இறங்கினால் எல்லாம் ஒன்றாகத்தான் வரும். அப்புறம் கலவன் நெல்லை வியாபாரி என்ன விலைக்குக் கேட்பார் என்று எல்லோருக்கும் தெரியும். தஞ்சையில் ஒரு காலத்தில் குறுகிய வயதுக் குறுவையையும் நீண்ட வயது ஒட்டடையானையும் சேர்த்து விதைக்கும் உடு சாகுபடி இருந்தது என்பது உண்மை. ஆனால் அது வயது வித்தியாசத்தில் நடந்தது, அரிவாள் காலத்தில் நடந்தது.

எனக்கு நமக்குப் பொருத்தமாகத் தெரிவது ஜப்பானின் நிகாட்டா மாகாணம் 2005 முதல் செய்துவரும் முறை. அங்கே கோஷிஹிகாரி அரிசி என்றால் அவ்வளவு மதிப்பு, ஆனால் அது குலைநோய்க்கு உடனே மடங்கும். அதனால் அதே கோஷிஹிகாரியில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு எதிர்ப்பு மரபணு வைத்துப் பல கிளை வகைகளை உருவாக்கி, விதையிலேயே கலந்து விவசாயிக்குக் கொடுக்கிறார்கள். உயரம், வயது, மணி, சோறு எல்லாம் ஒன்றுபோல. எதிர்ப்பு மட்டும் செடிக்குச் செடி வேறு. இயந்திரத்தில் அறுக்கலாம், ஒரே பெயரில் விற்கலாம். எந்தப் பூஞ்சை இனம் பெருகுகிறது என்று கண்காணித்துக் கலவையை மாற்றுகிறார்கள். வெள்ளைப் பொன்னிக்கு இதைச் செய்தால் சோற்றில் எந்த மாற்றமும் இல்லாமல் வயலுக்குள் வேற்றுமை வந்துவிடும்; ஒவ்வொரு கிளை வகையிலும் ஒன்றுக்குப் பதில் இரண்டு மரபணு வைத்தால் அடுக்கின் பலமும் சேரும்.

செலவு இதில் விதைப் பண்ணையின் தலையில் விழுகிறது. நாலு கிளை வகைகளைத் தனித்தனியாகப் பெருக்க வேண்டும், ஆண்டுதோறும் டெல்டா முழுக்கப் பூஞ்சை மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், விவசாயியும் வீட்டு விதையை வைத்துக்கொள்ளாமல் புது விதை வாங்க வேண்டும். கடைசியாகச் சொன்னது சிறு விவசாயிக்குச் சுமைதான். அந்த விதையை மானிய விலையில் கொடுக்காவிட்டால் இந்த முறையை அவரிடம் கொண்டுபோகவே கூடாது.