தலைமை ஆசிரியர் மாறிப் போன பிறகு பள்ளியில் மிஞ்சுவது எது?

ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்பில் முழுத் தேர்ச்சி பெறுவதையும், அதற்காக உழைத்த தலைமை ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குச் சென்ற இரண்டே ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்புவதையும் கணித ஆசிரியராக நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே பள்ளிகளை மேம்படுத்தும் வழிகளை ஒப்பிடும்போது, எது விரைவாக உயர்த்துகிறது என்று பார்ப்பதைவிட, ஆளும் பணமும் விலகிய பின்னும் எது பள்ளியிலேயே தங்குகிறது என்றே பார்க்க விரும்புகிறேன்.

முதல் வழி, இலக்கு வைத்து அழுத்தம் தருவது. இங்கிலாந்து அரசு 2008இல் அறிவித்த ‘நேஷனல் சேலஞ்ச்’ இந்த வகையைச் சேர்ந்தது. அங்கே பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வில், ஆங்கிலமும் கணிதமும் உட்பட ஐந்து பாடங்களில் நல்ல தரம் பெறும் மாணவர்களின் அளவு 30 விழுக்காட்டை எட்டாத 638 பள்ளிகள் பட்டியலிடப்பட்டன. 2011க்குள் அந்த எல்லையைத் தாண்டாத பள்ளிகள் மூடப்படலாம் அல்லது அகாடமியாக, அதாவது உள்ளாட்சியின் கீழ் இல்லாமல் அரசு நிதியில் தனித்து இயங்கும் பள்ளியாக, மாற்றப்படலாம் என்று எச்சரிக்கப்பட்டது. நிதியும் ஆலோசகர்களும் உடன் வந்தார்கள் என்றாலும், பெற்றோர் மனத்தில் நின்றது அந்தப் பட்டியல்தான். நம் ஊரில் இதன் வடிவம் மாலை நேரச் சிறப்பு வகுப்பு. பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் தலா 8 மதிப்பெண் தரும் செய்முறை வடிவியலையும் வரைபடத்தையும் மெல்லக் கற்போரிடம் திரும்பத் திரும்ப வரையவைத்தால், தேர்ச்சிக்குத் தேவையான 35இல் 16 கைக்கு வந்துவிடும். இதனால் மேல்நிலை வகுப்புக்குச் சென்ற பிள்ளைகள் பலர் என்பதால் இதை இகழ எனக்கு மனமில்லை. ஆனால் அடுத்த ஜூனில் வரும் வகுப்புக்கு நாங்கள் மறுபடியும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வழி, நன்றாக இயங்கும் பள்ளியை நலிந்த பள்ளிக்குத் துணையாக நிறுத்துவது. 2003 முதல் 2011 வரை நடந்த ‘லண்டன் சேலஞ்ச்’ இதைச் செய்தது. அதன் முதன்மை ஆலோசகராக இருந்த டிம் பிரிக்ஹவுஸின் காலத்தில், பின்தங்கிய பள்ளிகள் ‘தோல்வியுற்றவை’ என்று அழைக்கப்படாமல் ‘வெற்றிக்கான திறவுகோல்கள்’ என்று அழைக்கப்பட்டன. அனுபவம் மிக்க ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு பள்ளியின் குறையையும் தனித்தனியே ஆராய்ந்து உதவியை வகுத்தார். ஆசிரியர்கள் வேறு பள்ளியின் வகுப்பறைக்கே சென்று கற்றார்கள். தேசியச் சராசரிக்குக் கீழே இருந்த லண்டன் உயர்நிலைப் பள்ளிகள் அதைக் கடந்தன. தொடக்கப் பள்ளிகள் முன்னேறியதும் மாணவர்களின் குடும்பப் பின்னணி மாறியதும் இதற்குக் காரணம் என்று கூறும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. எனினும் உதவிய பள்ளியும் கற்றது என்பதை இதன் பெரிய பலமாகக் கருதுகிறேன்.

மூன்றாம் வழி, ஜப்பானில் மெய்ஜி காலத்திலிருந்து வளர்ந்துவந்த பாட ஆய்வு. ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு மாணவர்களைக் கவனிப்பார்கள், பின்பு கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள். அங்கேயும் தொடக்கப் பள்ளிகளில் வேரூன்றிய அளவுக்கு மேல்நிலையில் இது வேரூன்றவில்லை.

நாங்கள் மூன்று பேர் இதைச் செய்து பார்த்தோம். ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக்கோவை நடந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்த நான் பக்கத்து மாணவியின் நோட்டைப் பார்த்தேன்: −3x−5x என்பதற்கு விடை +8x. கேட்டபோது, “மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்தானே சார்?” என்றாள். பெருக்கலுக்கான விதி கூட்டலுக்குள் நுழைந்திருந்தது. அன்று மாலை இதைச் சொன்னதும் ஏழாம் வகுப்பு எடுக்கும் நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த வாக்கியத்தை அப்படியே நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்” என்றார். மறு ஆண்டு அவர் மூன்று ரூபாய் கடனையும் ஐந்து ரூபாய் கடனையும் வைத்து அதை நடத்தினார். எத்தனையோ ஆய்வு அலுவலர்கள் எங்கள் பாடக்குறிப்பேட்டில் கையெழுத்திட்டிருந்தும், இந்தத் தவறு ஒருமுறைகூட வெளிவந்ததில்லை. அந்த நண்பர் இப்போது வேறு பள்ளியில் இருக்கிறார். கடன் கணக்கு எழுதிய பொது நோட்டு எங்கள் அலமாரியில் இருக்கிறது, புதிதாக வந்தவர் அதைப் பார்த்தே நடத்துகிறார்.

என் தேர்வு மூன்றாவதுதான் என்றாலும், கணிதத்துக்கு ஒரே ஆசிரியர் உள்ள பள்ளியிலோ, பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளியிலோ, பொறுப்புத் தலைமை ஆசிரியர் அலுவலக வேலையும் வகுப்பும் சேர்த்துச் சுமக்கும் பள்ளியிலோ, யார் யாருடைய பாடத்தைப் பார்ப்பது? அங்கே இரண்டாம் வழியே முதலில் செல்ல வேண்டும். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில், பயிற்சி தரும் கருத்தாளர் காட்டும் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குப் பதிலாக, பக்கத்துப் பள்ளியின் உண்மையான வகுப்பு ஒன்றில் அமர்ந்து வர வேண்டும். இதற்குத் தனி நிதி தேவையில்லை. கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கி, பதிலி வகுப்புக்கு அதை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று தலைமை ஆசிரியர் ஜூன் மாதத்திலேயே எழுதி ஒட்டிவிட்டால் போதும்.