ஏரிக்கரை மரவீடு என்று 18,400 ரூபாய் போச்சு: கொடைக்கானல் மேல்மலைக்குப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்றைக்குக் காலையில்தான், பணம் வாங்கினவர்கள் எங்கள் நம்பரை பிளாக் செய்தார்கள். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். கொடைக்கானல் பக்கம் ஏரிக்கரையில் மரவீடு, இயற்கையோடு இரண்டு நாள் என்று விளம்பரம் போடுகிற பக்கங்களை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். எங்களுக்குப் போனது 18,400 ரூபாய். ஏமாறாமல் இருக்க எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகப் போடுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

எங்கள் வீட்டுக்காரர் தையல்காரர். மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் மிஷின் போட்டிருந்தவர், கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு அங்கே இருக்கிறார். சித்திரைத் திருவிழா வந்தால் மனுஷர் தூங்கி நான் பார்த்ததில்லை. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உருமாத் தலைப்பாகை, சல்லடம் என்கிற அரைக்கால் சட்டை எல்லாம் இவரைப் போன்றவர்கள் கையில்தான் தைத்து வெளியே போகும். பங்குனியில் உட்கார்ந்தால் அழகர் மலைக்குத் திரும்பும் வரை முதுகு நிமிராது. இந்த வருடம் எல்லாம் முடிந்த அன்று ராத்திரி, "எங்கயாச்சும் தண்ணியப் பாத்துக்கிட்டு ரெண்டு நாள் சும்மா உக்காந்திருக்கணும்" என்றார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு ஆசை வந்து நான் கேட்டதில்லை. வெளியே அக்கினி நட்சத்திரம். திருவிழாவுக்கு அணையிலிருந்து விட்ட தண்ணீரும் வைகையில் வடிந்துபோய் மணல்தான் கிடந்தது. நான்தான் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். அதனால் இந்த 18,400-ம் என் கணக்குத்தான்.

எல்லாரும் படம் போடுகிற ஒரு ஆப்பில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. முக்கோணக் கூரை போட்ட மரவீடு, வாசலில் இருந்து நேராகத் தண்ணீருக்குள் நீளும் பலகைத் துறை, ஏரி மேல் பனி, பின்னால் ஊசியிலைக் காடு. நாற்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். இடம் கூக்கால் ஏரிக்கரை என்று போட்டிருந்தது. மேல்மலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பைன் காடு இருக்கிறது, பனி இருக்கிறது, கூக்காலில் ஏரியும் நிஜமாகவே இருக்கிறது. முழுப்பொய்யாக இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். முக்கால்வாசி உண்மையில் அல்லவா மாட்டினேன்!

விலை கேட்டு மெசேஜ் போட்ட இரண்டாவது நிமிடம் ஒரு பெண் கூப்பிட்டாள். நம்ம மதுரைப் பேச்சு. "அக்கா, எத்தன பேரு வர்றீங்க? பெரியவங்க யாரும் கூட வர்றாங்களா?" என்றாள். என் மாமியார் வருகிறார், மூட்டுவலி, கீழே உட்கார்ந்து எழ முடியாது என்றேன். உடனே சொன்னாள்: "கவலையே படாதீங்கக்கா. வெஸ்டர்ன் டாய்லெட்தான். பக்கத்துல பிடிச்சு எந்திரிக்கக் கம்பி கூட வச்சிருக்கோம். எங்க அப்பத்தாவுக்கும் இதே கதைதான், அதுக்காகவே போட்டது."

அந்தக் கம்பி என்னைக் கவிழ்த்துவிட்டது. விலை குறைத்தாள் என்றோ படம் அழகாக இருக்கிறது என்றோ நான் பணம் அனுப்பவில்லை. இதற்கு முன் எந்த லாட்ஜில் கேட்டாலும் "வந்து பாத்துக்கங்கம்மா" என்றுதான் சொல்வார்கள். இவள் கேட்காமலே சொன்னாள். ராத்திரி சுடுதண்ணீர் வேண்டுமா, அத்தைக்கு இட்லியா இடியாப்பமா என்றுகூடக் கேட்டாள். ஒரு குரல் பதிவும் அனுப்பினாள், பின்னணியில் தவளைச் சத்தம். "கேட்டீங்களாக்கா, ஏரில இருந்து வருது" என்று. அதை வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார்.

முன்பணம் 5,000. மறுநாள், சீசன் நேரம், இன்னொரு குடும்பம் கேட்கிறது, மீதியையும் போட்டுவிட்டால் உறுதி செய்துவிடலாம் என்று 9,400. கிளம்புவதற்கு முந்தின நாள், சாமான் உடைந்தால் பிடித்துக்கொள்ள ஒரு டெபாசிட், காலி செய்யும்போது திருப்பித் தந்துவிடுவோம் என்று 4,000. ஆக 18,400. ஒரு சல்லடத்துக்குத் தையல் கூலி என்ன என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் கணக்குப் போடுவீர்கள். நான் போட்டுப் பார்த்தாகிவிட்டது.

பணம் அனுப்பும்போது திரையில் ஒரு மொபைல் கடையின் பெயர் வந்தது. கேட்டேன். கேட்காமல் இல்லை. "எங்க சித்தப்பா கடைக்கா, நம்ம அக்கவுண்ட்ல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிருச்சு" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

விடியற்காலை நாலரைக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். இ-பாஸ் எடுத்தாயிற்று, பிளாஸ்டிக் பாட்டில் மேலே கொண்டுபோகக் கூடாது என்று செம்பும் தூக்கும் எடுத்துவைத்தோம். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த எனக்கு அந்த ஒன்றில்தான் புத்தி போகவில்லை. வத்தலக்குண்டில் காபி. மலை ஏறி, மூஞ்சிக்கல்லில் ஒரு மணி நேரம் வண்டி நகராமல் கிடந்து, பூம்பாறை தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. அவள் அனுப்பியிருந்த லொக்கேஷன் எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் ஏரியும் இல்லை, வீடும் இல்லை. சரிவு முழுக்கப் படிப்படியாகப் பூண்டு வயல். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது என்று சொல்கிறார்களே, அந்த மலைப்பூண்டு.

வயலோரம் ஒரு பெரியவர் பூண்டுத் தாளை முடிந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் இறங்கிப் போய், "ஐயா, இங்க ஏரிக்கரை மரவீடு எங்க இருக்கு?" என்று படத்தைக் காட்டினார். அவர் போனைக் கையில் கூட வாங்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "இதே படந்தான். இந்த மாசத்துல நீங்க மூணாவது வண்டி" என்றார்.

பிறகு காரைப் பார்த்தார். பின்சீட்டில் அத்தை. "பெரியம்மாவ இறக்குங்க, வீட்டுல வந்து ஒரு வாய் டீ குடிக்கட்டும்" என்றார்.

அத்தைக்கு அதற்கு முன்பே அவசரம், வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த வீட்டின் பின்பக்கம் தரையோடு பதித்த கக்கூஸ்தான். என் மகளுக்குப் பதினாறு வயது. உள்ளே போய், "அப்பத்தா, என் கையப் பிடிச்சுக்க" என்று அவள் நின்றாள். வெளியே வந்தபோது அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கம்பி வைத்திருக்கிறார்களாம், கம்பி.

மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் வருகிறது என்று பெரியவரின் மகன் காட்டினார். பதினோரு தடவை அடித்தேன். பன்னிரண்டாவது தடவை ஒரு ஆண் குரல். "மேடம், உங்க ரூம் ஓவர்புக் ஆயிருச்சு, டவுனுக்கு வந்துட்டுக் கூப்பிடுங்க, வேற பிராப்பர்ட்டி தர்றோம்." அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும் என்றேன். "எந்தப் பொண்ணு மேடம்?" என்றான்.

வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஏரியயாவது பாத்துட்டுப் போவோம்" என்றார். கூக்கால் வரை போனோம். ஏரி இருந்தது. நல்ல ஏரி. கரையில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. படத்தில் இருந்த வீடும் இல்லை, பலகைத் துறையும் இல்லை. அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்ட இரண்டு நாளில் கிடைத்தது அந்த அரை மணி நேரம்தான்.

டவுனுக்கு வந்து கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. சீசனில் ரூம் கிடைக்குமா? பூஞ்சணம் பிடித்த ஒரு அறைக்கு ராத்திரி 3,500 கொடுத்தோம், அது இந்த 18,400-ல் சேராது. அங்கே உட்கார்ந்து என் மகள் அந்தப் படத்தைப் போட்டுத் தேடினாள். ஏதோ வெளிநாட்டு ஏரி. ஒரே படம் மூன்று நாடுகளின் பெயரில் கிடக்கிறது. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கக் கரை கட்டவாவது வேண்டியிருந்தது. இவர்களுக்கு ஒரு படம் போதும்.

இனிமேல்தான் முக்கியமான பகுதி. ஊர் திரும்பிய மறுநாள் அவர்களே கூப்பிட்டார்கள்! மன்னிப்புக் கேட்டார்கள். முழுப் பணமும் வந்துவிடும், ஏழு வேலை நாள் ஆகும், சனி ஞாயிறு சேராது என்றார்கள். நான் காலண்டரில் சுழித்துவைத்தேன், பைத்தியக்காரி. நாலாம் நாள் கேட்டால், அக்கவுண்ட்ஸ் சார் ஊருக்குப் போயிருக்கிறார். எட்டாம் நாள், "நாங்க அனுப்பிட்டோம், உங்க பேங்க்ல நிக்குது, அங்க கேளுங்க." வங்கியில் கேட்டால் அப்படி எதுவும் வரவில்லை. பத்தாம் நாள் ஒரு கியூஆர் கோடு வந்தது. இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் 18,400-ம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்று. நான் போனை எடுத்துவிட்டேன். மகள் பிடுங்கினாள். "அம்மா, பணம் வர்றதுக்கு யாராச்சும் பின் போடுவாங்களா? பணம் அனுப்புறதுக்குத்தாம்மா பின்னு!" அவள் இல்லையென்றால் இந்தத் தொகை இன்னும் பெரிதாகியிருக்கும்.

அன்றைக்குத்தான் 1930-க்குக் கூப்பிட்டேன். சைபர் குற்றத்துக்கான நம்பர். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "கடைசியாப் பணம் அனுப்பி எத்தன நாள் ஆச்சும்மா?" இரண்டு வாரம் ஆகப்போகிறது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பணம் போன சூட்டோடு சொன்னால், அது போய் உட்கார்ந்த கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டாம், இத்தனை நாளில் அது எத்தனை கணக்கு மாறியிருக்குமோ என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஏழு வேலை நாள், அக்கவுண்ட்ஸ் சார், வங்கியில் நிக்குது எல்லாமே நான் 1930-க்குக் கூப்பிடாமல் இருப்பதற்காகச் சொன்னவை. முதல் தடவை படத்தைக் காட்டி ஏமாற்றினார்கள், இரண்டாவது தடவை மரியாதையைக் காட்டி ஏமாற்றினார்கள்.

காவல் நிலையத்தில், "நீங்களாத்தான அனுப்புனீங்க?" என்றார்கள். வங்கியிலும் அதே கேள்வி, கொஞ்சம் நல்ல தமிழில். அந்தப் பக்கத்தைப் பற்றி ஆப்பில் புகார் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பதில் வருகிறது, இது எங்கள் விதிகளை மீறவில்லை என்று. யார் படித்துப் பார்த்தார்கள் அந்த ஒரு நிமிடத்தில்?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கடைக்குச் சாப்பாடு கொண்டுபோக நேரமாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் போனது தெரிந்த உடனே 1930, அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். ரீஃபண்ட் வரும் என்று காத்திருக்காதீர்கள், காத்திருப்பதென்றால் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். வீடியோ காலில் அந்த நிமிடமே வாசலில் இருந்து தண்ணீர் வரை நடந்து காட்டச் சொல்லுங்கள், சிக்னல் இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். திரையில் வேறு பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள், சித்தப்பா கடையாக இருந்தாலும் சரி. பேரிஜம் ஏரிக்கரையில் கேபின் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், அது காட்டுக்குள் இருக்கிறது, போய்ப் பார்த்து வருவதற்கே வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். அப்புறம், பின்தொடர்கிறவர்கள் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அங்கே போய்த் தங்கினவர்கள் எடுத்த படம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பதாயிரம் பேரில் ஒருவர் கூடப் போட்டிருக்கவில்லை, நான் அதைக் கவனிக்கவில்லை.

கிளம்பும் முன் மகளின் கணக்கிலிருந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அதே மரவீடு, அதே ஏரி, இந்தத் தடவை மழைக்காலச் சலுகை. கீழே ஒருவர், வயதான அப்பா வருகிறார், வசதிப்படுமா என்று கேட்டிருக்கிறார். "கண்டிப்பாக, பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி கூட இருக்கிறது" என்று பதில். இது பொய், எங்கள் 18,400 போச்சு என்று அதன் அடியில் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். மறுபடியும் எழுதியிருக்கிறேன்.