துருக்கி மகாம் இசைக்கு எந்த நோட்டேஷன் மென்பொருள்?

துருக்கியின் ராக முறை போன்ற மகாமில் வரும் கோமா (அரைசுரத்தைவிடச் சிறிய சுருதி இடைவெளி) அடையாளங்களை எழுதுவது இன்று பெரிய வேலையே இல்லை. எழுதியது அந்தச் சுருதியிலேயே ஒலிக்க வேண்டும் என்றால்தான் திண்டாட்டம். துருக்கி முறையில் ஒரு ஸ்தாயிக்கு 53 கோமா. ஒரு கோமா ஏறத்தாழ 22.6 சென்ட் (அரைசுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்).

சிபேலியஸ் மென்பொருளில் பழைய மிடி (கணினி இசைக்கருவிகளுக்கான கட்டளை முறை) வழிதான்: சுரத்தின் மேல், சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் கட்டளையைத் தட்டச்சு செய்து மறைத்துவிட வேண்டும். நடுநிலை 64. பெண்ட் வீச்சு வழக்கம்போல் மேலும் கீழும் இரண்டு அரைசுரம் என்றால், ஒரு கோமா இறக்க 57. அடுத்த சுரத்தில் 64 போட மறந்தால் மீதிப் பாட்டு முழுக்க இறங்கியே ஒலிக்கும். அதுகூடப் பரவாயில்லை. பெண்ட் அந்த மிடி சேனல் முழுவதையும் பிடித்து இழுக்கும். தனியாக ஊதும் நெய் என்ற குழலுக்கு இது போதும். கானூன் என்ற தந்தி வாத்தியத்தில் இரண்டு தந்தி சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் இரண்டுமே இறங்கிவிடும்.

மியூஸ்ஸ்கோரில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் தனியாக சென்ட் கொடுக்கலாம், அதுவும் இலவசமாக. ஆனால் நூறு பார் (தாளக் கட்டம்) ஓடும் உருப்படி என்றால் கை வலிக்கும்.

அப்படிப்பட்ட வேலைக்கு நான் டோரிகோ ப்ரோ மென்பொருளைத்தான் சொல்வேன். முழுச்சுர இடைவெளிக்கு 9 கோமா, அரைச்சுர இடைவெளிக்கு 4 கோமா என்று ஒருமுறை பிரித்து வைத்தால் 53 கணக்காக வந்துவிடும். எந்த அடையாளம் எத்தனை கோமா என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். பிறகு எழுத எழுத ஒலிக்கும். ஆனால் ஒலிக்கருவியும் (சுரங்களை ஒலிக்கவைக்கும் மென்பொருள்) ஒத்துழைக்க வேண்டும். அதனுடன் வரும் ஹேலியனும், தனியாக வாங்கும் நோட்பெர்ஃபார்மரும் ஒத்துழைக்கின்றன. சுரவாரியாகச் சுருதி மாற்றத் தெரியாத கருவியை மாட்டினால் பியானோ சுரங்களே கேட்கும்.

உஷ்ஷாக் மகாமில் இன்னொரு சங்கடம். செகா சுரத்துக்குத் தாளில் ஒரு கோமாதான் குறைத்து எழுதுவார்கள். வித்வான்கள், முக்கியமாக அவரோகணத்தில், அதற்கும் கீழேதான் வாசிப்பார்கள். டோரிகோ தாளில் இருப்பதை அப்படியே வாசிக்கும், காதுக்கு ஒட்டாது. இரண்டரை கோமா வேண்டுமென்றால் 53-ஐ 106 ஆக்கி, தனி அடையாளமும் உருவாக்க வேண்டும். மியூஸ்ஸ்கோரில் அந்த ஒரு சுரத்தின் சென்ட்டை மாற்றினால் வேலை முடிந்தது. துருக்கியிலேயே இதற்கென்று உருவான முஸ்2-வும் சுருதி அட்டவணையை நாமே எழுத விடுகிறது. மகாம் மட்டுமே எழுதுபவர் முதலில் அதைப் பார்க்கலாம்.

இன்னொரு நோட்டேஷன் மென்பொருளான ஃபினாலேயின் மேம்பாட்டை நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் அறிவித்துவிட்டார்கள். புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.