அப்பா படம் வரையக் கொடுத்து 18,500 ரூபாய் போச்சு, ஏமாறாதீர்கள்

பார்சல் முந்தாநாள் வந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அப்பா மாமல்லபுரத்தில் கருங்கல் சிற்பி. எழுபதாவது பிறந்தநாளுக்கு, பட்டறையில் கருவிகளோடு அவர் உட்கார்ந்திருப்பதுபோல் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் கொடுக்க ஆசை. ஆன்லைனில் ‘போட்டோ அனுப்புங்க, கையால் வரைந்து தருகிறோம்’ என்கிற கடைகளில் ஒன்றைப் பிடித்தேன். மூன்றடிக்கு இரண்டடி, 18,500 ரூபாய், முழுப்பணமும் முன்னாலேயே.

ஏன் நம்பினேன் தெரியுமா? போனில் பேசியவர், “சார், இது செல்ஃபியா? அப்பா சுத்தி பிடிக்கிறது வலது கையா, இடது கையா?” என்று கேட்டார். சில போன்களில் செல்ஃபி எடுத்தால் கை இடவலம் மாறித் தெரியும் இல்லையா? இவ்வளவு கவனிக்கிறாரே என்று அங்கேதான் விழுந்தேன். அடுத்த நிமிடமே பணம் போட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாளே அனுப்பிவிட்டார்கள். எண்ணெய் வண்ணம் காயவே நாள்கணக்காகும் என்பது அப்போது உறைக்கவில்லை.

அப்பா பிரித்துப் பார்த்தார். “முகம் சரிடா. ஆனா இது தச்சு வேலை உளி. கருங்கல்லுல வச்சு அடிச்சா பிடி பிளந்துடும்” என்றார். கல் உளிக்கு ஏது மரப்பிடி? முழுக்க இரும்பு. முனை மழுங்கினால் உலையில் காய்ச்சி அடித்துக் கூராக்குவார்கள். படத்தில் சுத்திக்குப் பதில் தச்சர் பிடிக்கும் மரச்சுத்தி, கொட்டாப்புளி வேறு! நான் அனுப்பிய போட்டோவில் இருந்த கோணமட்டம், கல்லில் கோடு போடும் காவி எதையும் காணோம். செதுக்கிக்கொண்டிருந்த அம்மன் இருந்த இடத்தில் ஏதோ வெள்ளைப் பளிங்குத் தலை, வெள்ளைக்காரன் மூக்கோடு.

அப்புறம்தான் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக அச்சு. மேலே நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்திருக்கிறார்கள். சட்டை மடிப்பு ஒரு பக்கம் போகிறது, தூரிகைக் கோடு வேறு பக்கம் போகிறது.

கேட்டால், “வெளிச்சத்துல அப்படித் தெரியும் சார்.” அடுத்த ஆள், “அது ஆர்ட்டிஸ்ட் ஸ்டைல்.” மூன்றாவது ஆள், “ஆர்டர் கொடுத்துச் செஞ்ச பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது, அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தரோம்.” அடுத்த ஆர்டராம்! வலது கையா இடது கையா என்று கேட்டவர் இப்போது போனையே எடுப்பதில்லை. 18,500 ரூபாய்!

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமையில்லை. பாதி வரைந்த நிலையில் வீடியோ கேளுங்கள். முழுப்பணம் தராதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன்.

படம் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை.