டெயில் லைட் மாற்றம்: வயரை வெட்டுவதா, அடாப்டர் செய்வதா?

ஒரே காரின் வேறு வருட மாடலிலிருந்து டெயில் லைட் எடுத்தால், போல்ட் துளைகள் பொருந்தினாலும் பல சமயம் கனெக்டர் (வயர்களை லைட்டோடு இணைக்கும் பிளக்) பொருந்தாது.

சிலர் பழைய கனெக்டரை வெட்டி, வயர்களை நேராக இணைத்துவிடுவார்கள். சீக்கிரம் முடியும். ஆனால் பழைய லைட்டை மறுபடி மாட்ட வேண்டி வந்தால் மறுபடியும் வெட்டு, ஒட்டு. வயரும் குட்டையாகிக்கொண்டே போகும்.

இன்னொரு வழி, நடுவில் ஓர் அடாப்டர். புது லைட்டுக்கான கனெக்டரை அது வந்த காரிலிருந்தே ஒரு சாண் வயரோடு எடுங்கள். மறுமுனைக்குப் பழைய லைட்டில் இருப்பது போன்ற கனெக்டர் ஒன்று வேண்டும். இரண்டையும் மேசையில் வைத்து நிதானமாகச் சால்டர் செய்யலாம் (சூடு பட்டால் சுருங்கி இணைப்பை மூடும் டியூபை முதலிலேயே வயரில் கோர்த்துவிடுங்கள்). காரின் வயரிங்கில் கை வைக்கவே வேண்டாம். நான் இதைத்தான் சொல்வேன்.

எப்படிச் செய்தாலும் வயரின் நிறத்தை நம்பாதீர்கள். வருடத்துக்கு வருடம் அது மாறலாம். டெஸ்ட் லாம்பின் (வயரில் மின்சாரம் வந்தால் எரியும் சோதனை விளக்கு) கிளிப்பை எர்த்தில் (காரின் உலோக உடலில்) மாட்டி, முனையை வயரில் வைத்து, பார்க் லைட், பிரேக், இண்டிகேட்டர் என ஒவ்வொன்றாகப் போட்டு, எதற்கு எந்த வயர் என்று பாருங்கள். இரண்டு இழை உள்ள 21/5 வாட் பல்பில் 5 வாட் இழை பார்க்குக்கு, 21 வாட் பிரேக்குக்கு. மாற்றிக் கொடுத்துவிட்டால், இரவில் நீங்கள் பிரேக் மிதிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியவே தெரியாது.

இண்டிகேட்டர் போடும்போது பார்க் லைட்டும் சேர்ந்து மினுங்கினால், முதலில் எர்த்தைப் பாருங்கள்.

அப்புறம், ஒரு வருட மாடலில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே இழையில், இன்னொன்றில் தனித்தனியாக என்றால், வயரை வெட்டினாலும் அடாப்டர் போட்டாலும், அந்த சிக்னல்களைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும் கன்வர்ட்டர் தேவைப்படும்.